பொது இணையக் கற்றல் தளம்: தமிழ்ப்பள்ளிகள் கடந்து வந்த வழி



அண்மையில் பணியில் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஐயா, டெலிமா வருவதற்கு முன்பு பள்ளிகள் பாடங்களை எப்படிப் பகிர்ந்துகொண்டன?"

"நெகிழ்வட்டில் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போவோம்" என்றேன். அவர் சிரித்தார். நான் சொன்னதோ முற்றிலும் உண்மை. அவருக்கு முழு விடை சொல்ல வேண்டும் என்னும் எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒருவழிப் பாதை

நாட்டின் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவான ஒரு கற்றல் ஊடகம் என்றால் முதலில் நினைவுக்கு வருவது கல்வித் தொலைக்காட்சி. 1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அது தொடங்கியது. பாடம் நம்மிடம் வரும். நம்மிடமிருந்து எதுவும் திரும்பிப் போகாது. மாணவனுக்கு ஐயம் எழுந்தால் கேட்க வழியில்லை. ஓர் ஆசிரியர் உருவாக்கிய நல்ல பயிற்சி இன்னோர் ஆசிரியருக்குப் போய்ச் சேரவும் வழியில்லை.

அந்தக் குறையைத் தீர்க்கும் கனவுடன் 1997இல் விவேகப் பள்ளித் திட்டம் அறிமுகமானது. மலாயில் செக்கோலா பெஸ்தாரி என்று அழைக்கப்பட்ட இத்திட்டம், மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் என்னும் பெருந்திட்டத்தின் ஒரு பகுதி. 1999 முதல் 2002 வரை ஏறக்குறைய 90 பள்ளிகளில் முன்னோட்டமாக நடைபெற்றது. அதற்கான மின்பாடங்கள் மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்கு பாடங்களுக்கு உருவாக்கப்பட்டன. தமிழ்மொழி அந்தப் பட்டியலில் இல்லை. எனவே தமிழாசிரியர்கள் தங்களுக்குத் தேவையானவற்றைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியிருந்தது.

எழுத்து கட்டமாக மாறிய காலம்

அந்நாளில் நான் நான்காம் ஆண்டு மாணவர்களுக்காகக் கருத்துணர்தல் பயிற்சி ஒன்றை இரண்டு இரவுகள் கண்விழித்துத் தட்டச்சு செய்தேன். அதை நெகிழ்வட்டில் பதிந்து, பக்கத்துத் தோட்டப் பள்ளிக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த கணினியில் திறந்தபோது ஓர் எழுத்துகூடத் தமிழாக இல்லை. கட்டங்களும் கேள்விக்குறிகளும் வரிசையாக நின்றன. அந்த ஆசிரியை பொறுமையாகப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை சார், வாசித்துக் காட்டுங்கள், நான் கையால் எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்குத் தனித்தனி எண்ணிடம் கொடுத்திருந்ததே இதற்குக் காரணம். ஒரு குறியேற்றத்தில் 'அ' இருந்த இடத்தில் மற்றொன்றில் வேறு எழுத்து இருக்கும். எழுதியவரிடம் இருக்கும் எழுத்துரு படிப்பவரிடமும் இருந்தால்தான் எழுத்து தெரியும்.

இச்சிக்கலைத் தீர்ப்பதில் நம் வட்டாரத்தைச் சேர்ந்தவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரில் ஆசிரியர் பயிற்சித் துறையில் பணியாற்றிய நா. கோவிந்தசாமி 1997இல் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார். 1999இல் சென்னை மாநாடு நடந்தது. 2000இல் சிங்கப்பூரில் உத்தமம் அமைப்பு பிறந்தது. 2001இல் மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது. பின்னர் ஒருங்குறி பரவலான பிறகே, ஒரு பள்ளியில் தட்டிய 'அ' எந்தப் பள்ளியிலும் 'அ' ஆகவே தெரிந்தது.

கல்வித் தொழில்நுட்பத்தின் வரலாற்றைப் பேசுவோர் இந்தப் பகுதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எழுத்து ஒன்றுபடாமல் இருந்திருந்தால், எத்தனை தளங்கள் வந்தாலும் தமிழாசிரியர் வாசலிலேயே நின்றிருப்பார்.

தவளை வந்தது

2012 முதல் 1பெஸ்தாரிநெட் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நாட்டிலுள்ள ஏறக்குறைய 10,000 அரசாங்கப் பள்ளிகளுக்கு இணைய வசதியும், ஃபிராக் என்னும் மெய்நிகர் கற்றல் தளமும் வழங்குவது அதன் நோக்கம். இங்கிலாந்தில் உருவான தளம் அது. ஆசிரியர், மாணவர், பெற்றோர் ஆகிய மூவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. நகரத்துப் பெரிய பள்ளிக்கும் 30 பிள்ளைகள் மட்டுமே பயிலும் தோட்டப் பள்ளிக்கும் ஒரே கதவு திறந்தது அதுவே முதன்முறை. எங்கள் பிள்ளைகள் அதற்குச் செல்லமாக வைத்த பெயர் 'தவளை'.

ஆனால், கதவு திறந்ததால் மட்டும் எல்லாரும் உள்ளே வந்துவிடவில்லை. 2013ஆம் ஆண்டுக்கான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, இத்தளத்தின் பயன்பாடு 0.01 முதல் 4.69 விழுக்காடு வரையே இருந்ததாகக் கூறியது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் அதில் அடக்கம். பயிற்சிப் பட்டறைக்குச் சென்றேன், சான்றிதழ் பெற்றேன், கடவுச்சொல்லை எழுதிய தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன். ஓராண்டுக்குப் பிறகுதான் அதைத் தேடி எடுத்தேன். பெற்றோர் கணக்கை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு பெற்றோருக்கும் நான் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவில்லை.

பிறகு மெல்ல மெல்லப் பழகினேன். இலக்கணப் புதிர்களும் செய்யுள் பயிற்சிகளும் அதில் சேர்த்தேன். 2019 ஜூன் மாத இறுதியில் அத்திட்டம் முடிவுக்கு வந்தது. ஜூலை முதல் கூகள் கிளாஸ்ரூமுக்கு மாறச் சொன்னார்கள். என் பயிற்சிகளுக்கு நான் தனிப்படி எடுத்து வைத்திருக்கவில்லை. ஆறாண்டு உழைப்பில் பெரும்பகுதி போயிற்று. குற்றம் என்னுடையதே.

மாதுளை காலம்

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா தளத்தைத் தொடக்கியது. கூகள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் ஆகிய மூன்றின் கருவிகளும் மின்பாடநூல்களும் ஒரே இடத்தில் கிடைத்தன. மலாயில் டெலிமா என்றால் மாதுளை. தவளை போய் மாதுளை வந்தது என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம்.

சிரிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. ஏறக்குறைய 900,000 மாணவர்களைக் குறித்துப் பெற்றோரிடம் அமைச்சு அவ்வாண்டு நடத்திய ஆய்வில், 36.9 விழுக்காட்டினரிடம் எந்த மின்கருவியும் இல்லை என்று தெரியவந்தது. திறன்பேசி இருந்தவர்கள் ஏறக்குறைய 46 விழுக்காட்டினர். மடிக்கணினி வைத்திருந்தவர்கள் 9 விழுக்காட்டினர்.

என் வகுப்பில் மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் இருந்தான். அவன் தந்தை லாரி ஓட்டுநர். வீட்டில் இருந்த ஒரே திறன்பேசி அவருடன் சாலையில் போய்விடும். இணைய வகுப்பின் வருகைப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே நாள்தோறும் 'வரவில்லை' என்று குறித்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டறிய எனக்கு ஒரு மாதத்திற்கு மேல் ஆனது. பள்ளி மீண்டும் திறந்தபோது, முன்பு தங்குதடையின்றி வாசித்த பிள்ளை எழுத்துக்கூட்டி வாசித்தான். மற்ற பிள்ளைகள் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் புத்தகத்தை மூடிவிட்டான்.

அதே ஆண்டு நவம்பரில் பள்ளிகள் மீண்டும் மூடப்பட்டபோது வழியை மாற்றிக்கொண்டேன். தோட்டத்து நுழைவாயிலில் உள்ள மளிகைக் கடையில் வாரந்தோறும் பயிற்சித் தாள்களை வைத்துவிட்டு வருவேன். இரவு எட்டு மணிக்குத் தந்தை வீடு திரும்பியதும், அவன் எழுதியதைப் படமெடுத்துப் புலனத்தில் அனுப்புவான். குரல்பதிவில் வாசித்தும் அனுப்புவான். ஆண்டு முடிவதற்குள் பழையபடி வாசிக்கத் தொடங்கினான்.

நாம் செய்ய வேண்டியவை

இந்த வரலாற்றிலிருந்து நான் கற்றுக்கொண்டவை சில. ஆசிரியர்களே, நீங்கள் உருவாக்கும் பயிற்சிகளை ஒருங்குறியில் எழுதுங்கள். தளத்துக்கு வெளியே ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். அதை இன்னொரு பள்ளிக்கும் கொடுங்கள். நாட்டில் 520க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல மிகச் சிறியவை. அங்கே இரண்டு ஆண்டு மாணவர்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் ஆசிரியருக்கு உங்கள் ஒரு பயிற்சித் தாள் ஓர் இரவுத் தூக்கத்தைத் திருப்பித் தரும்.

பெற்றோர்களே, பிள்ளையின் கணக்கில் வாரம் ஒருமுறையாவது அவனுடன் சேர்ந்து நுழைந்து பாருங்கள். வீட்டில் கருவி இல்லையென்றால் ஆசிரியரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு தளம் நாளை வரலாம்; அதற்கும் பிள்ளைகள் ஒரு செல்லப் பெயர் வைப்பார்கள். அன்றைக்கும் வருகைப் பட்டியலில் 'வரவில்லை' என்று ஒரு பெயர் இருக்கும். அந்தப் பிள்ளையின் வீட்டிற்கு அன்றே அழைத்துப் பேசுவோம்.