புழுங்கல் அரிசியும் பதினெட்டு உயிர்களும்



நம் பாட்டன்மார் கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது, புழுங்கல் அரிசிச் சோறும் கூடவே வந்தது. அதன் வாடை பிடிக்காமல் மூக்கைச் சுளித்தவர்கள் உண்டு. ஆனால் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரி நோயால் ஆயிரக்கணக்கில் மாண்டுகொண்டிருந்த காலத்தில், தோட்டத்துத் தமிழர்களை அந்நோய் அவ்வளவாகத் தீண்டவில்லை. கால் மரத்து, உடம்பு வீங்கி, கடைசியில் இருதயம் ஓய்ந்து சாகும் நோய் அது. சுரங்கத்தார் தின்றது ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. நெகிரி செம்பிலானில் அரசாங்க மருத்துவராக இருந்த பிராடன் என்பவர் இந்த வேறுபாட்டைக் கவனித்து, குற்றம் அரிசியில்தான் என்றார். பலர் நம்பவில்லை. இடத்தில் ஏதோ கிருமி ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார்கள்.

இதைச் சோதித்துப் பார்த்தவர் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர். இடம், கோலாலம்பூர் மனநோயாளர் விடுதி. 1905ஆம் ஆண்டில் அங்கே பெரிபெரி கடுமையாகப் பரவியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அவர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்காரர்கள் ஒரு வார்டுக்கு, இரட்டைப்படை எண்காரர்கள் எதிர் வார்டுக்கு. ஒரு வார்டுக்கு வெள்ளை அரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. இடத்தின் குற்றமோ என்ற சந்தேகம் தீர, பாதி வழியில் வார்டுகளையும் மாற்றினார். ஆளுக்கு ஏற்ற சோறு மட்டும் மாறவில்லை. 1906 முடியும் வரை இது நடந்தது. வெள்ளை அரிசி தின்ற 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தனர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி தின்ற 123 பேரில் பெரிபெரியால் ஒருவர்கூடச் சாகவில்லை. 1907இல் ‘லான்செட்’ இதழில் இதை அவரே எழுதினார்.

காரணம் இன்று நமக்குத் தெரியும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் பி1 அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போகாது. பாடநூலில் இதற்கு ஒரு வரிதான். தேர்வுக்கு அது போதும். எனக்குத்தான் போதவில்லை.

இப்பள்ளியில் படித்து, இப்போது ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் போதிப்பவன் நான். பிளெட்சர் கதையை மூன்று பக்கத்தில் எழுதி நான்காம் படிவ மாணவர்களுக்குக் கொடுத்தேன். படிக்காதவர் பேசக்கூடாது என்பது ஒரே விதி. ‘செய்தது சரி’ என்று ஒரு கட்சி, ‘தவறு’ என்று ஒரு கட்சி. விவாதம் மலாயில்தான் தொடங்கியது. சூடு ஏறியதும் நம் பிள்ளைகள் தமிழுக்குத் தாவிவிட்டார்கள்.

“அவங்க எப்பவும் தின்ன சோத்தைத்தானே குடுத்தாரு? புதுசா வெஷம் வைக்கலியே!” என்றான் ஒருவன்.

ஒரு பெண் எழுந்தாள். தோட்டத்து லயத்திலிருந்து வருகிற பிள்ளை; அதுவரை வகுப்பில் வாய் திறந்ததில்லை. “சீக்கா விழுந்தவங்கள்ல சில பேருக்குப் புழுங்கரிசி மாத்திக் குடுத்தாரு, பொழைச்சிக்கிட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க, சார். அப்பவே தெரிஞ்சிபோச்சில்ல? மத்தவங்களுக்கு ஏன் மாத்தலே?”

“பாதியில நிறுத்தியிருந்தா யாரு நம்பியிருப்பா?” என்று பதில் வந்தது. அதுவும் லேசான பதில் அல்ல. பக்கத்து ஜாவாவில் வோர்டர்மன் என்ற டச்சு மருத்துவர் 1890களிலேயே சிறைச்சாலைகளைக் கணக்கெடுத்தார். எந்தச் சிறையில் எந்த அரிசி, எங்கே பெரிபெரி என்று பார்த்து எழுதினாரே தவிர, யார் சோற்றையும் அவர் மாற்றவில்லை. அந்தக் கணக்கும் தீட்டிய அரிசியைத்தான் காட்டியது. ஆனாலும் மருத்துவ உலகம் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தது.

சிறைமுகாம் கைதிகள்மேல் சோதனை நடத்திய ஜெர்மன் மருத்துவர்களை விசாரித்த நூரம்பெர்க் நீதிமன்றம், சம்மதமில்லாமல் மனிதர்மேல் சோதனை கூடாது என்று 1947இல் வகுத்தது. இதை நான் சொன்னதும், “அது பின்னால வந்த சட்டம், சார்!” என்று ஒரு கட்சி மேசையைத் தட்டியது. “சட்டம் வந்தப்புறந்தான் மனசாட்சி வருமா?” என்றது மறு கட்சி. பிளெட்சர் வார்டுகளை மாற்றியதுபோல நானும் பாதியில் கட்சிகளை மாற்றிவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

என் தீர்ப்பைக் கேட்டார்கள். வகுப்பில் சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன். சோற்றைப் பிரித்ததற்காக அவரைக் குறை சொல்லமாட்டேன். சோறு மாறியவர்கள் பிழைத்ததைக் கண்ட பிறகும் மற்றவர்களை விட்டு வைத்ததுதான் என் மனத்தை அறுக்கிறது.

அந்தப் பெண் வீட்டில் போய்ப் பாட்டியிடம் கதையைச் சொல்லியிருக்கிறாள். “வேணாம்னு சொல்லத் தெரியாதவங்கதான் கெடைச்சாங்களா அந்த தொரைக்கு?” என்று கேட்டாராம் பாட்டி.

இவ்வாண்டு துரியான் தீப்புஸ் சோதனையை எடுத்திருக்கிறோம். 1907இல் நெகிரி செம்பிலான் காட்டில் சாலை போட்ட 300 ஜாவா தொழிலாளர்களை பிரேசர், ஸ்டாண்டன் என்ற மருத்துவர்கள் இரு கூட்டமாகப் பிரித்தார்கள். வெள்ளை அரிசிக் கூட்டத்தில் நோய் கண்டதும் அவர்களுக்குப் புழுங்கல் அரிசி கொடுத்தார்கள்; நோய் நின்றது. பிறகு, அதுவரை நன்றாக இருந்த மறு கூட்டத்துக்கு வெள்ளை அரிசி கொடுத்தார்கள். அங்கேயும் நோய் வந்தது. கட்சி பிரித்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை விவாதம்.