மூலிகைச் சாறும் அன்ரிபயோட்டிக்கும்: கிருமி எப்படித் தப்புகிறது?

உடலில் குண்டுச் சிதறல்களோடு வாழ்பவர்கள், முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டுச் சிறுநீர்க் குழாயுடனும் படுக்கைப் புண்ணுடனும் இருப்பவர்கள், செயற்கைக் கால் உரசி அடிக்கடி புண்ணாகிறவர்கள் என யுத்தத்தின் காயங்களைச் சுமப்போர் எம்மிடையே பலர். இவர்களுக்குக் கிருமித் தொற்று திரும்பத் திரும்ப வருகிறது. அன்ரிபயோட்டிக்கும் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது. "குளிசை இப்ப கேட்குதில்லை, மூலிகைச் சாறு குடிச்சால் சரிவருமோ?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் கூறக்கூடிய கேள்வி அல்ல இது.

பற்றீரியாக்கள் மருந்திலிருந்து தப்பப் பல வழிகளை வைத்திருக்கின்றன. சில, மருந்தைச் சிதைக்கும் நொதியங்களைச் சுரக்கின்றன. சில, மருந்து தாக்கும் இடத்தையே மாற்றிக்கொள்கின்றன. இன்னும் சில, தோணிக்குள் வந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வந்த மருந்தை வெளியே தள்ளுகின்றன. இந்த வேலையைச் செய்பவை கிருமியின் மென்சவ்வில் உள்ள புரதப் பம்பிகள். புண்களில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாவில் 'நோர் ஏ' என்ற பம்பி உண்டு. சிப்ரோபுளொக்சசின் மருந்தை அது வெளியேற்றும்.

தாவரங்கள் இந்த விடயத்துக்குள் வருவது இங்கேதான். எமது மரமஞ்சளில் உள்ள பேர்பெரின் கிருமியை எதிர்க்கும் பொருள். ஆனால் அதையும் நோர் ஏ பம்பி வெளியே தள்ளிவிடும். பேர்பெரின் கொண்ட பேர்பெரிஸ் என்ற செடியை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள், அதே செடியில் அந்தப் பம்பியை அடைக்கும் இன்னொரு பொருளும் இருப்பதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மிளகில் உள்ள பைப்பரின், ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸுக்கு எதிராகச் சிப்ரோபுளொக்சசினின் வலுவைக் கூட்டுவதாக இந்திய ஆய்வாளர்கள் 2006இல் எழுதினர்.

மறுபக்கமும் உண்டு. வில்லோ மரப்பட்டையோடு தொடர்புடைய சலிசிலேற்று, ஈ.கோலை பற்றீரியாவின் பம்பிகளை முடுக்கிவிட்டு, மருந்து உள்ளே நுழையும் வாயில்களையும் குறைப்பது ஆய்வுகூடங்களில் காணப்பட்டுள்ளது. வைத்தியர் தந்த அஸ்பிரினை நிறுத்துங்கள் என்பது இதன் பொருளல்ல. ஒரு தாவரப் பொருள் மருந்துக்குத் துணையும் போகலாம், கிருமிக்குத் துணையும் போகலாம் என்பதே பொருள்.

மேலும், இவை பெரும்பாலும் ஆய்வுகூடத் தட்டில் கண்டவை. அங்கே வேலைசெய்யும் அளவு, நாம் குடிக்கும் கசாயத்திலிருந்து இரத்தத்தையோ புண்ணையோ சென்றடையும் என்பதற்கு உறுதியில்லை. கிருமியின் பம்பியை அடைப்பதற்கென்றே அன்ரிபயோட்டிக்குடன் சேர்த்துக் கொடுக்கும் மருந்தாக எந்தத் தாவரப் பொருளும் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இரசத்தில் போடும் மிளகால் பயமில்லை. ஆனால் செறிவாக்கிய பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் பெனிற்றோயின் மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டக்கூடியது. தலைக் காயத்தால் வலிப்பு வந்து அம்மருந்தை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆகவே நான் சொல்லக்கூடியவை இவைதான். மூலிகை எடுத்தால் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். பெயரைச் சொல்லுங்கள் அல்லது பொருளையே கொண்டுபோய்க் காட்டுங்கள். திறந்த புண்ணில் இலைச்சாறு, பச்சிலைப் பற்று வைக்காதீர்கள். மண்ணோடு ஏற்புவலிக் கிருமியும் போகலாம். முன்பு மிஞ்சிய குளிசைகளையோ அயலவரின் குளிசைகளையோ எடுக்காதீர்கள். போதாத அளவு மருந்து கிருமியைப் பழக்கிவிடும் என்று பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங் 1945இலேயே தமது நோபல் உரையில் எச்சரித்தார்.

குளிசை கேட்கவில்லையென்றால், சிறுநீரையோ சீழையோ 'கல்ச்சர்' பரிசோதனைக்கு அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை அது காட்டும். சிறுநீர்க் குழாயுடன் இருப்பவருக்குக் குளிர் காய்ச்சல் வந்தாலோ, பழைய காயம் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, கசாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.