கூலிக் கணக்கில் தொடங்கிய சட்டப் பாடம்

எங்கள் கீரமங்கலம் பக்கத்தில் "அவன் சட்டம் பேசுறான்" என்று ஒருவரைச் சொன்னால் அது பாராட்டு இல்லை. வம்புக்காரன் என்று பொருள். கூலிக்குப் போகிறவர் சட்டம் பேசினால் மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். ஏழைகளுக்கு உரிமையைச் சொல்லித்தர வருகிற எவரும் முதலில் தாண்ட வேண்டிய வேலி இதுதான். புதுக்கோட்டை மாவட்டம் ஒருமுறை அந்த வேலியைத் தாண்டியது.

சட்டம் இல்லாமல் இல்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டம் 1975 அக்டோபரில் வந்தது. 1976-இல் அது முழுச் சட்டமானது. அதன்படி, கொத்தடிமையாக வைத்திருக்கக் காரணமான கடன் அப்படியே ரத்து. அது கொத்தடிமைக் கடன் இல்லையென்று யாராவது சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியவர் கடன் கொடுத்தவர்தான், வாங்கியவர் இல்லை. எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் "முன்பணம் வாங்கிட்டோம், கைநாட்டு வச்சுட்டோம், இனி என்ன செய்ய?" என்று இருந்தவர்களுக்கு இதை யார் போய்ச் சொல்வது?

உச்ச நீதிமன்றமும் இந்தக் கேள்விக்கு வந்து சேர்ந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது கட்டாய உழைப்புதான் என்று 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் அது சொன்னது. 1983 டிசம்பரில், ஃபரிதாபாத் கல்குவாரித் தொழிலாளர்களுக்காக பந்துவா முக்தி மோர்ச்சா தொடுத்த வழக்கில் நீதிபதி பகவதி தந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. தொழிலாளர்களின் உரிமைகளை அவர்களுக்குச் சொல்லித்தர, குவாரிகளுக்குப் பக்கத்திலேயே முகாம் நடத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. சட்டத்தைக் கேட்டுத் தொழிலாளி வரட்டும் என்று காத்திருக்காமல், சட்டம் அவரிடம் போக வேண்டும் என்பதே அதன் பொருள்.

புதுக்கோட்டையில் அது அ, ஆவன்னா வழியாகப் போனது. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் அப்போது ஆட்சியர். அரசும் அறிவியல் இயக்கத்தினரும் ஆயிரக்கணக்கான தொண்டர்களும் ஒரே வேலையில் இறங்கினார்கள். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் எழுத்தறிவுக்கு வகுத்த இலக்கணத்தில் வாசிப்பும் கணக்கும் மட்டும் இல்லை. தன் வறுமைக்குக் காரணம் என்ன என்று அறிவதும், சேர்ந்து நின்று அதை மாற்றுவதும் அதற்குள் உண்டு. பெரும்பாலான இடங்களில் அது காகிதத்தோடு நின்றது. இங்கே பெண்கள் கையெழுத்துப் போடவும் சைக்கிள் ஓட்டவும் ஒரே காலத்தில் கற்றார்கள். சைக்கிள் கைக்கு வந்ததும் வங்கிக்கும் தாலுகா ஆபீசுக்கும் போக யாருடைய தயவும் வேண்டியிருக்கவில்லை.

இந்த மாற்றத்தைக் கூர்மையாகப் பார்க்க முடிந்த இடம் கல்குவாரி. கீரமங்கலம் மாவட்டத்தின் கிழக்கே உள்ள செம்மண் தோட்டப் பூமி. குடுமியான்மலை போன்ற பாறைப் பகுதிகள் மேற்கே. அங்கே ஒப்பந்தக்காரர்களிடம் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, பெரும்பாலும் தலித் பெண்களுக்கு, குழுக்களாகச் சேர்த்து அரசே குவாரிகளைக் குத்தகைக்கு விட்டது. எத்தனை லோடு போனது, என்ன விலை, யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தாங்களே எழுதிப் பார்த்தபோதுதான், இத்தனை வருஷம் தங்களிடமிருந்து என்ன போனது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. கூலிச் சட்டத்தை எந்த வக்கீலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது.

அது அப்படியே நிலைக்கவில்லை. பழைய ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பில் அந்த ஏற்பாடு நெருக்கடிக்கு உள்ளானதை பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். எழுத்து வந்த கைக்குக் குவாரியைக் காப்பாற்றிக் கொடுக்கிற அரசு தொடர்ந்து இல்லை. உரிமையைத் தெரிந்துகொள்வது ஒன்று, அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பலம் வேறு என்று அந்தப் பத்து வருஷம் காட்டியது.

அறிவொளிக்குப் பிறகு ஏற்பாடுகள் கூடியிருக்கின்றன. 1987-இல் இயற்றிய சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9-இல் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் போதும். முகாம்களும் நடக்கின்றன: பந்தல், மைக், துண்டறிக்கை, பிரிவு எண்கள். வந்தவர்கள் கைதட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போகிறார்கள்.

எங்கள் ஊரில் விடியுமுன்னே மல்லிகையும் முல்லையும் எடுக்கப் போகிற பெண்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. அளவுக் கூலியாகக் கொடுத்தாலும், ஒரு நாள் உழைப்புக்கு அது குறைந்தபட்ச நேரக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று 1948-ஆம் வருஷச் சட்டம் சொன்னது. 2019-இன் ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. பூ வரத்து குறைந்த மாதத்தில் யார் அதைக் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள்? பக்கத்து நெடுவாசல் ஊராட்சி. அங்கே கேட்க ஒரு கிராம சபை இருக்கிறது. கீரமங்கலம் பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை இல்லை. 2005-இன் நூறு நாள் வேலைச் சட்டமும் பேரூராட்சிக்கு இருக்கவில்லை. பூ எடுக்கிற கை ஒன்றுதான், எல்லைக் கல்லைத் தாண்டினால் உரிமை மாறிவிடுகிறது.

அதனால் இங்கே நடத்த வேண்டிய முதல் சட்ட வகுப்புக்குப் பந்தல் வேண்டாம். ஒரு நோட்டும் பென்சிலும் போதும். எத்தனை மணிக்குப் போனோம், எத்தனை கிலோ எடுத்தோம், கையில் எவ்வளவு வந்தது என்று ஒரு மாதம் எழுதட்டும். பிரிவு எண்ணைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். கணக்குக் கையில் இருக்கிறவரை "சட்டம் பேசுறா" என்று ஒதுக்குவது அவ்வளவு சுலபம் இல்லை, அதிலும் பத்துப் பேர் ஒரே கணக்கோடு வந்து நின்றால்.