இருவர் எழுதிய நாவலும் எஞ்சி நின்ற ஒருவரும்

திருகோணமலைக் கோணேஸ்வர ஆலயத்துத் தலைமைக் குருக்களின் மகன் ஓர் ஆங்கில விஞ்ஞானப் புனைகதையின் கதாநாயகன் என்று சொன்னால் நம்மவரில் பலர் நம்பமாட்டார்கள். 2008 ஆம் ஆண்டு ஜூலையில் இலண்டனிலும் அடுத்த மாதம் நியூயோர்க்கிலும் வெளிவந்த ‘த லாஸ்ட் தியரம்’ என்ற நாவலின் நாயகனான ரஞ்சித் சுப்பிரமணியன் அத்தகையவன். கொழும்புப் பல்கலைக்கழக மாணவன். பெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1637 அளவில் ஒரு புத்தகத்தின் ஓரத்தில் குறித்துவைத்துவிட்டு, நிறுவல் தம்மிடம் உண்டு, எழுத இடம் போதவில்லை என்று சொல்லிப் போனாரே, அந்தத் தேற்றத்துக்கு ஒரு சுருக்கமான நிறுவலைக் கண்டே தீருவது என்று அலைகிறவன். உண்மை உலகில் அண்ட்ரூ வைல்ஸ் 1995 இல் வெளியிட்ட நிறுவல் நூறு பக்கங்களைத் தாண்டியது. ரஞ்சித் அதைச் சில பக்கங்களுக்குள் அடக்கிவிடுகிறான்.

நூலின் அட்டையில் இரண்டு பெயர்கள் உள்ளன. ஒருவர் ஆர்தர் சி. கிளார்க். நூல் வெளிவந்தபோது அவர் உயிரோடு இல்லை. மற்றவர் பிரெடெரிக் போல் என்ற அமெரிக்கர். அப்போது அவருக்கு வயது 88. கிளார்க்கைப் பற்றி நம் பத்திரிகைகள் ஐம்பது ஆண்டுகளாக எழுதித் தள்ளியிருக்கின்றன. போலைப் பற்றி எழுதியவர்கள் அரிது. ஆனால் இந்த நூல் முடிவுற்ற கதையைச் சொல்வதானால் போலிடமிருந்துதான் தொடங்கவேண்டும். இறந்துபோன கூட்டாளி ஒருவரின் கையெழுத்துப் பிரதியை முன்னே வைத்துக்கொண்டு தனியே இருப்பது அவருக்குப் புதிய அனுபவம் அன்று.

போல் 1919 இல் நியூயோர்க்கில் பிறந்தவர். 1938 இல் அந்நகரத்து விஞ்ஞானக் கதைப் பித்தர்களான சில இளைஞர்கள் ‘பியூச்சரியன்ஸ்’ என்ற பெயரில் ஒரு வட்டத்தை அமைத்தார்கள். ஐசாக் அசிமோவும் அதில் ஒருவர். அங்கே போலுடன் நெருங்கியவர் அவரைவிட மூன்றரை வயது இளையவரான சிரில் கோர்ன்புளூத். பதின்ம வயதிலேயே இருவரும் சேர்ந்து கதை எழுதி, புனைபெயர்களில் மலிவுச் சஞ்சிகைகளுக்கு விற்றார்கள். பின்னர் யுத்தம் வந்தது. கோர்ன்புளூத் ஐரோப்பியக் களத்தில் கனரக இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்து, பல்ஜ் சமரிலும் நின்று மீண்டார். அதன்பின் சிக்காகோவில் வானொலிகளுக்குச் செய்தி வழங்கும் நிறுவனமொன்றில் பணியாற்றினார். நம்முடைய தொழில்தான். போல் விளம்பர வாசகம் எழுதும் தொழிலுக்குப் போனார்.

அந்தத் தொழிலில் கண்டவற்றை வைத்துப் போல் ஒரு நாவலைத் தொடங்கினார். ஏறத்தாழ இருபதாயிரம் சொற்களோடு அது நின்றுவிட்டது. 1951 இல் செய்தி நிறுவன வேலையை உதறிவிட்டு வந்த கோர்ன்புளூத் அதை வாங்கிப் படித்தார், அடுத்த பகுதியை எழுதினார். இறுதிப் பகுதியை இருவரும் மாறி மாறி எழுதினார்கள். 1952 ஜூன் முதல் ஓகஸ்ட் வரை ‘கலக்ஸி’ சஞ்சிகையில் தொடராக வந்த அது, பல பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய பின் 1953 இல் பலன்டைன் வெளியீடாக ‘த ஸ்பேஸ் மேர்ச்சன்ற்ஸ்’ என்ற பெயரில் நூலாயிற்று.

இந்நூலை இன்று படிப்பவர்களுக்கு அது எழுதப்பட்ட ஆண்டை நம்புவது கடினம். உலகை ஆள்பவை அரசுகள் அல்ல, விளம்பர நிறுவனங்கள். அமெரிக்க செனற் சபையில் உறுப்பினர்கள் மாநிலங்களுக்காக அமர்வதில்லை, கம்பனிகளுக்காக அமர்கிறார்கள். ஒருமுறை குடித்தவர் விடமுடியாதபடி போதைப்பொருள் கலந்த கோப்பி விற்பனையாகிறது. நிலத்தடியில் ‘சிக்கன் லிற்றில்’ என்ற இராட்சதக் கோழித்தசைப் பிண்டம் ஓயாது வளர்ந்துகொண்டிருக்க, தொழிலாளர் அதை வெட்டி வெட்டி உலகுக்கு உணவாக அனுப்புகிறார்கள். வெள்ளிக் கிரகத்தில் மனிதர் வாழவே முடியாது. ஆனால் அதற்கு மக்களை ஆசைகாட்டி அனுப்பும் விளம்பரப் பொறுப்பு நாயகன் மிச்சல் கோர்ட்னேயிடம் ஒப்படைக்கப்படுகிறது. செனற்றர் மக்கார்த்தியின் வேட்டை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் இதை எழுதத் துணிவு வேண்டும். விஞ்ஞானக் கதை என்ற போர்வை கொஞ்சம் காப்பாற்றியிருக்கும்.

அவர்கள் எழுதிய முறை பற்றிப் போல் தமது 1978 ஆம் ஆண்டுத் தன்வரலாற்றில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். நியூஜேர்சி மாநிலத்தில் ரெட் பாங்க் என்ற ஊரில் போலின் பெரிய பழைய வீடு. கதையை இருவரும் பேசித் தீர்ப்பார்கள். பிறகு ஒருவர் மாடிக்குச் சென்று தட்டச்சுப் பொறியில் நான்கு பக்கங்களை எழுதிவிட்டு இறங்கி வருவார். மற்றவர் ஏறுவார், முன்னவர் எங்கே விட்டாரோ அங்கிருந்து தொடர்வார். நாவல் முடியும்வரை பொறி ஆறுவதில்லை.

ஈயம் கோத்த காலத்து ஆசிரிய பீடத்தில் இருந்த எவருக்கும் இது அந்நியமாகத் தோன்றாது. பகல் பணியாளர் பாதியில் விட்டுப்போன செய்தியை இரவில் வந்து முடித்திருக்கிறேன். மறுநாள் அச்சில் படிக்கையில் எந்த வாக்கியம் என்னுடையது என்று எனக்கே புலப்பட்டதில்லை. ஆனால் ஒரு செய்தி இருபது வரி. ஒரு நாவல் முழுவதையும் அப்படிப் பொருத்துவதற்கு இரண்டு மனங்கள் இளமையிலிருந்தே ஒன்றாகப் பழகியிருக்கவேண்டும்.

இருவரும் மேலும் சில நாவல்களை எழுதினார்கள். கோர்ன்புளூத்துக்குக் கடும் இரத்த அழுத்தம். வைத்தியர் கொடுத்த மருந்து மூளையை மந்தமாக்கியதால் அதை விட்டுவிட்டார். 1958 மார்ச் 21 ஆம் திகதி, வீட்டு வாசலில் குவிந்த பனியை வாரி எறிந்துவிட்டு, நியூயோர்க்கில் ஒரு சஞ்சிகை வேலை தொடர்பான சந்திப்புக்குப் போக ஓடிச் சென்று புகையிரத நிலையத்தை அடைந்தார். மேடையிலேயே மாரடைப்பு. வயது 34.

அவர் விட்டுச்சென்ற துண்டுப் பிரதிகள் போலின் கைக்கு வந்தன. போல் அவற்றை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், ஆண்டுக்கணக்கில் முடித்தார். அவற்றுள் ஒன்று ‘த மீற்றிங்’ என்ற சிறுகதை. 1972 இல் வெளிவந்து மறுவருடம் ஹியூகோ விருது பெற்றது. அதாவது கோர்ன்புளூத் இறந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் பெயருக்கு ஒரு விருது கிடைத்தது. முந்திய நாவலின் தொடர்ச்சியை 1984 இல் எழுதியபோது போல் தம் பெயரை மட்டுமே இட்டார். அதில் கோர்ன்புளூத்தின் சொல் ஏதும் இல்லை.

எஞ்சி நிற்பவர் எல்லோரும் இவ்வாறு நடந்துகொள்வதில்லை. சோவியத் நாட்டின் ஸ்ற்ருகாட்ஸ்கி சகோதரர்களை எடுத்துக்கொள்ளலாம். மூத்தவர் ஆர்க்காடி யப்பானிய மொழிபெயர்ப்பாளர், இளையவர் போரிஸ் வானியலாளர். ஒருவர் மொஸ்கோவிலும் மற்றவர் லெனின்கிராட்டிலும் வாழ்ந்தவர்கள். ஆனாலும் ஓரிடத்தில் கூடி, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்விட்டுச் சொல்லி, இருவரும் ஒப்பிய பின்னரே எழுதினார்கள். ஆர்க்காடி 1991 ஒக்டோபரில் காலமானார். போரிஸ் அதன்பின் எழுதிய இரண்டு நாவல்களை வித்திட்ஸ்கி என்ற வேறு பெயரில் வெளியிட்டார். இருவர் இழுக்கும் மரவாளை ஒருவராக இழுப்பதற்கு அவர் தம் நிலையை ஒப்பிட்டதுண்டு.

கிளார்க்கின் கதை இவ்விரண்டிலும் சேராது. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்த அவர் தமது சிறந்த நூல்களைத் தனியாகவே எழுதினார். கூட்டாளிகள் முதுமையில்தான் வந்தார்கள். விண்வெளிப் பொறியியலாளர் ஜென்ற்றி லீயுடன் 1988 முதல் நான்கு நாவல்கள். பின்னர் ஸ்டீபன் பக்ஸ்ரருடன் நான்கு. பூகம்பம் பற்றிய ஒரு கருவை மைக் மக்குவே என்பவர் நாவலாக்கினார். நூல் வெளிவருமுன், 1995 இல், அந்த இளையவர் முந்திக்கொண்டார். இந்நூல்களில் பெரும்பாலானவற்றைப் படிக்கும்போது கிளார்க்கின் கருத்து தெரிகிறது, அவருடைய குரல் கேட்பதில்லை. லீயுடன் எழுதிய ராமா தொடர்ச்சிகளை நான் பாதியில் மூடிவைத்தவன்.

‘த லாஸ்ட் தியரம்’ நூலைத் தனியாக எழுதவே 2002 இல் அவர் தொடங்கினார். 2005 இல் வெளிவர வேண்டியது. போலியோவின் பின்விளைவு அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தியிருந்தது. எழுத்தும் ஓடவில்லை. 2006 தொடக்கத்தில் போலிடம் உதவி கேட்டார். நாற்பது, ஐம்பது பக்கப் பிரதியும் ஐம்பது பக்கம் வரையிலான குறிப்புகளும் கொழும்பிலிருந்து இலினோய் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இரண்டு ஆண்டுகள் வேலை நடந்தது.

திருகோணமலையைக் கதைக்களமாக்கியது கிளார்க்கின் வாழ்க்கையோடு ஒட்டியது. போர்த்துக்கேயர் 1624 இல் இடித்துக் கடலில் தள்ளிய கோணேஸ்வரத்தின் தூண்களையும் செதுக்குக் கற்களையும் 1956 இல் மைக் வில்சனுடன் சுவாமிமலைக்குக் கீழே சுழியோடிக் கண்டவர் அவர். அரை நூற்றாண்டு கழித்து அந்த ஆலயத்தின் குருக்களையே பாத்திரமாக்கினார். ரஞ்சித்தின் உற்ற தோழன் காமினி பண்டார என்ற சிங்கள இளைஞன். கடற்கொள்ளையரிடம் அகப்பட்ட ரஞ்சித், மீட்கவந்தவர்களால் அவர்களில் ஒருவனாகவே கருதப்பட்டு, வழக்கோ விசாரணையோ இன்றி மறைவிடமொன்றில் அடைக்கப்பட்டு வதைக்கப்படுகிறான். அந்தத் தனிமையிலேதான் நிறுவல் அவனுக்குக் கைகூடுகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ப் பிள்ளையைப் பறிகொடுத்துத் தடுப்பு முகாம் வாசல்களில் காத்துநின்ற பெற்றோரை நேரில் சந்தித்து எழுதிய எனக்கு, அந்த அத்தியாயங்களை வேகமாகப் புரட்ட இயலவில்லை.

நாவலாக எடைபோட்டால் இது ‘ஸ்பேஸ் மேர்ச்சன்ற்ஸ்’ அருகில் நிற்காது. வேற்றுக்கிரகவாசிகள், விண்ணேணி, சந்திரனில் ஒலிம்பிக் என்று கிளார்க்கின் பழைய ஆசைகள் யாவும் ஒரே மூட்டையில் கட்டப்பட்டுள்ளன. நம் போருக்குக் கதைப்போக்கில் இடம் மிகக் குறைவு. அதற்குப் பதிலாக, ஆளைக் கொல்லாமல் ஒரு நாட்டின் மின்கருவிகள் அனைத்தையும் முடக்கிப் போரை நிறுத்தும் ஓர் ஆயுதம் வருகிறது. 2007 டிசம்பர் 16 இல் தமது 90 ஆவது பிறந்தநாளுக்கு வெளியிட்ட செய்தியில் கிளார்க் மூன்று ஆசைகளைச் சொன்னார். மூன்றாவது, இலங்கையில் நிலையான சமாதானம். மறுமாதம் போர்நிறுத்த உடன்படிக்கையிலிருந்து அரசாங்கம் விலகியது. வன்னியில் என்ன நடந்தது என்பதைப் பார்க்க அவர் இருக்கவில்லை.

போல் முடித்தனுப்பிய பிரதியை 2008 மார்ச் முற்பகுதியில் அவர் படித்துப் பார்த்தார். சில நாட்களில், மார்ச் 19 ஆம் திகதி அதிகாலை, கொழும்பில் காலமானார். கோர்ன்புளூத் புகையிரத மேடையில் விழுந்து ஐம்பது ஆண்டுகள் நிறைய இரண்டு நாட்களே இருந்தன. பொரளைக் கனத்தையில் அடக்கம் நடந்தது. போல் மேலும் ஐந்து ஆண்டுகள் இருந்து, 2013 செப்டெம்பர் 2 இல் தமது 93 ஆவது வயதில் இறந்தார்.

ஒரு சிறு விடயம் மட்டும் எனக்கு இன்றும் உறுத்துகிறது. குருக்களின் பெயர் கணேஷ் சுப்பிரமணியன், மகன் ரஞ்சித் சுப்பிரமணியன். நம்மிடையே தந்தையின் பெயரன்றோ மகனுக்கு முன்னெழுத்தாக வரும்? அத்துடன் திருகோணமலையில் அது ‘சுப்பிரமணியம்’ என்றுதான் முடியும். ரஞ்சித் என்பது தமிழர், சிங்களவர் இருசாராரிடமும் வழங்கும் பெயர். அதைத் தேர்ந்தது ஐம்பதாண்டு இங்கே வாழ்ந்த கையாகத்தான் இருக்கவேண்டும். குடும்பப் பெயரை ஒட்டவைத்தது இலினோய் மாநிலத்துக் கையா, அல்லது கொழும்பிலேயே நேர்ந்த கவனக்குறைவா? கேட்டறிய இருவரில் ஒருவரும் இல்லை.