கல்வி வாயிலும் ஐந்து தகப்பன்மாரும்

கல்வியே ஒரு சமூகத்தின் கண் என்பதை நம் சங்கத்தார் அறிவர். அக்கண்ணைப் பெறுதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய பாஷை பேசும் வகுப்பினர் பட்ட பாடு நாம் ஊன்றி நோக்கத்தக்கது.

கலிபோர்னியாவின் ஆரஞ்சு ஜில்லாவில் மெக்ஸிக வமிசத்துப் பிள்ளைகளைத் தனிப் பாடசாலைகளில் வைத்திருந்தனர். அவர்களுக்கு ஆங்கிலம் வராது என்பதே சொல்லப்பட்ட காரணம். ஆயினும், பாஷாஞானத்தைச் செவ்வையாகச் சோதியாமலே பிரித்தனர். 1945-ஆம் ஆண்டில் கொன்ஸாலோ மெண்டெஸ் முதலிய தகப்பன்மார் ஐவர், தம் மக்களுக்கு மாத்திரமன்றிச் சுமார் 5,000 பிள்ளைகளின் பொருட்டு வழக்குத் தொடுத்தனர். 1946-இல் நீதிபதி பால் மக்கார்மிக் அப்பிரிவினை செல்லாதெனத் தீர்ப்பளித்தார். 1947-இல் மேல்கோர்ட்டாரும் அதனை உறுதிப்படுத்தினர். அவ்வாண்டே கவர்னர் ஏர்ல் வாரன், சீன, ஜப்பானியப் பிள்ளைகள் முதலானோரைப் பிரித்து வைக்க இடந்தந்த சட்டங்களையும் நீக்கும் மசோதாவிற் கையொப்பமிட்டார்.

வாயில் திறந்தது, எனினும் உள்ளே கற்பித்த பாடம் அநேகருக்கு விளங்கவில்லை. 1928-இல் டெக்ஸாஸ் மாகாணத்துக் கொட்டுல்லாவில் ஏழை மெக்ஸிகச் சிறுவருக்கு உபாத்தியாயராயிருந்த லிண்டன் ஜான்ஸன், ஜனாதிபதியான பின்னர், 1968 ஜனவரியில் இருமொழிக் கல்விச் சட்டத்துக்குச் சம்மதமளித்தார். அதனால் பாடசாலைகளுக்குச் சர்க்கார் பொருளுதவி கிடைத்தது. 2002-இலோ, ஆங்கிலப் பயிற்சியையே முதன்மையாகக் கொண்ட வேறு சட்டம் அதன் இடத்தைப் பெற்றது.

சர்க்கார் தந்தது சர்க்காராலே மாறவுங்கூடும். பிறர் மக்களையும் தம் மக்களாக எண்ணி வழக்காடிய அவ்வைவர் பெற்ற நன்மையோ பல வகுப்பாருக்கும் உரியதாயிற்று. உபகாரச் சம்பளம் வேண்டி விண்ணப்பம் எழுதும் நம்மவர் இதனை மறவாதிருப்பாராக.