வட்டமா, சலாகையா?

மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் எண்டு செயலாளர் அண்ணர் கேட்டபோது, "நான் என்னத்தை எழுதுறது அண்ணை, ஏ.எல். எடுத்ததோடை என்ரை படிப்பு முடிஞ்சுது" என்றேன். "வேலையிடத்திலை ஏதோ படம் கீறிக் காட்டினீராம், அதை எழுதும்" என்றார். அந்தப் படங்களுக்கு இருநூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருப்பது தேடிப் படித்தபோதுதான் தெரிந்தது.

முதலில் வேலையிடத்துக் கதை. பிளாஸ்டிக் மூடி வார்க்கும் தொழிற்சாலையில் எனக்கு இரவு வேலை. மாத முடிவில் அறிவித்தல் பலகையில் ஒரு வட்ட வரைபு ஒட்டுவார்கள். பழுதான மூடிகள் காலை, மாலை, இரவு என்று மூன்று துண்டு. பெரிய துண்டு எப்போதும் இரவுக்குத்தான். அதுக்குச் சிவப்பு நிறம் வேறை. இரவில் நிற்பவர்கள் பெரும்பாலும் எங்கட ஆக்களும் மற்ற நாட்டு அகதிகளும். அதிலே மூன்று பேரின் ஒப்பந்தம் முடியிற தறுவாய். "இரவுக்காரருக்குக் கவனமில்லை" என்ற கதை சாப்பாட்டு அறை வரைக்கும் வந்துவிட்டது.

இந்த வட்டத்தைக் கண்டுபிடித்தவர் யார்? வில்லியம் பிளேபெயர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், 1759இல் பிறந்தவர். தகப்பன் இல்லாத பிள்ளையை வளர்த்தது கணிதம் படித்த தமையன் ஜோன். தினமும் வெப்பமானியைப் பார்த்துக் குறித்துக் கோடாகக் கீறப் பழக்கியதும் அவரே. பிறகு நீராவி இயந்திரம் செய்த ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தார். 1786இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். 44 படங்கள், ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஏற்றுமதி, இறக்குமதி, கடன் முதலியவை வருடா வருடம் ஏறி இறங்கியதைக் காட்டும் கோட்டு வரைபுகள்.

அந்த ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. ஸ்கொட்லாந்து 17 நாடுகளோடு செய்த வியாபாரத்தைக் காட்ட நினைத்தார். கையில் இருந்தது ஒரேயொரு வருடக் கணக்கு. ஒரு வருடத்தை வைத்துக் கோடு இழுக்க ஏலாதே! ஆகவே நாட்டுக்கு நாடு சலாகைகளை அடுக்கினார். வேறு வழியில்லாமல் செய்த அந்த வேலைதான் இண்டைக்கு எங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் கீறுகிற சலாகை வரைபு. அவருக்கே அதில் பெரிய திருப்தி இருக்கவில்லையாம்.

வட்டம் வந்தது 1801இல். துருக்கிச் சாம்ராச்சியத்தின் நிலம் ஆசியா, ஐரோப்பா, ஆபிரிக்கா என்று எப்படிப் பிரிந்து கிடக்கிறது எண்டு காட்ட ஒரு வட்டத்தைத் துண்டாக்கினார். ஒரு முழுமை, அதன் பங்குகள். வட்டம் பிறந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான்.

1858இல் புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் கிரிமியப் போரில் இறந்த ஆமிக்காரரின் கணக்கை மாதத்துக்கு ஒரு துண்டாக வட்டத்தைச் சுற்றிக் கீறினார். காயத்தால் செத்தவர்களை விடத் தடுத்திருக்கக்கூடிய நோயால் செத்தவர்கள் எவ்வளவோ பேர் எண்டது பார்த்த உடனே தெரியும். முதல் கீறிய ஒரு படத்தில் எண்ணிக்கையை மையத்திலிருந்து நீளமாக எடுத்ததால் பரப்பு அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டது. பிறகு பரப்பே எண்ணிக்கையைக் காட்டும்படி மாற்றினார். உண்மை தன்ரை பக்கம் இருந்தும் திருத்தினாவே, அதைச் சொல்லவேணும்.

எங்கள் கண் எதைச் சரியாக அளக்கும் எண்டு 1984இல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட், மக்கில் என்ற இருவர் ஆட்களை வைத்துச் சோதித்தார்கள். ஒரே அளவுகோலில் இருக்கும் இடத்தையும் நீளத்தையும் நன்றாக மட்டிடுகிறோம். கோணத்தையும் பரப்பையும் அவ்வளவாக இல்லை.

வரைபுத்தாளும் கவராயமும் இப்ப தேவையில்லை. வலிப்பு நோயை ஆராய்ந்த ஜோன் ஹண்டர் என்ற அமெரிக்கர், மூளையின் மின்னலைகளைப் பார்ப்பதற்கு ஏற்ற மென்பொருள் இல்லாமல் தானே எழுதத் தொடங்கி 2003இல் 'மற்பிளொட்லிப்'பை வெளியிட்டார். பைதன் மொழியில் அதை இலவசமாகப் பாவிக்கலாம். 2012இல் அவர் காலமாகிவிட்டார். அதிலே 'பார்' என்று எழுதினால் சலாகை, 'பை' என்று எழுதினால் வட்டம், 'பிளொட்' என்றால் கோடு. ஒரு சொல்லை மாற்றினால் படமே மாறும். ஏன் வட்டம் கேட்கிறாய் எண்டு கொம்பியூட்டர் உங்களைக் கேளாது.

பலகையில் கிடந்த வட்டம் பொய் இல்லை. ஆனால் கேள்வி பிழை. இரவில் எல்லா மெசினும் ஓடும். பகலில் அச்சு மாத்த, துப்புரவாக்க எண்டு சிலது நிற்கும். கூட வார்த்தால் கூடப் பழுது வரும்தானே? பதிவுக் கொப்பியில் இருந்து ஆறு மாதக் கணக்கை எடுத்து, ஆயிரம் மூடிக்கு எத்தனை பழுது என்று பிரித்து, பூச்சியத்தில் தொடங்கும் மூன்று சலாகை கீறினேன். (பூச்சியத்தில் தொடங்காவிட்டால் சலாகையும் ஏமாற்றும்.) மூன்றும் கிட்டத்தட்ட ஒரே உயரம், மாலை மட்டும் ஒரு மயிரிழை கூட.

சுப்பர்வைசர் கனநேரம் பார்த்தார். ஒண்டும் பேசவில்லை, தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். மூன்று பேருக்கும் ஒப்பந்தம் நீடித்தது. என்ரை படத்தாலோ, அந்த மாதம் ஓடர் கூடினதாலோ தெரியாது. பலகையில் இப்பவும் வட்டம்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் ஒவ்வொரு துண்டுக்குக் கீழேயும் மொத்தம் எத்தனை மூடி வார்த்தது எண்டு பேனையால் எழுதிவிடுகிறார்கள்.