வேலை கல்வியாவது எப்போது?

நாட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்கு வேலை புதிதன்று. தொழுவம் கூட்டுதல், கிணற்றிலிருந்து நீர் கொணர்தல், கன்றுக்குப் புல் அறுத்தல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் முதலியவற்றை அவர்கள் எழுத்தறியும் முன்பே அறிந்திருக்கின்றனர். இவ்வேலைகள் பொறுப்புணர்ச்சியை வளர்க்கும் என்று பெரியோர் கூறுவர். அது மெய்யே. ஆயினும், இதே வேலைகள் எத்தனையோ பிள்ளைகளைப் பள்ளிவாயிலை மிதிக்கவொட்டாமல் தடுத்ததும் மெய்யே. அங்ஙனமாயின், வேலை கல்வியாவது எப்போது? வெறுஞ் சுமையாவது எப்போது? சென்ற நூற்றாண்டின் வரலாற்றில் இதற்கு விடை தேடுவோம்.

முதலில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். சத்தியாக்கிரகப் போரில் ஈடுபட்டவர்களின் குடும்பங்கள் தங்குவதற்காக, 1910-ஆம் ஆண்டில் ஜொகானஸ்பர்க் நகரை அடுத்திருந்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தைக் காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் அளித்தார். அதுவே டால்ஸ்டாய் பண்ணை. அங்கு வாழ்ந்தவர்களுள் தமிழர்களும் இருந்தனர். வேலையாட்கள் இல்லை. சமையல் முதல் துப்புரவு வரை எல்லாவற்றையும் அங்கிருந்தோரே செய்தனர். பிள்ளைகள் குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். ஆசிரியர் செய்யாத வேலையைப் பிள்ளைகளிடம் சொல்லலாகாது என்பது அங்கு விதி. போப்பையரின் தமிழ்க் கையேட்டைக் கொண்டு தாம் கற்ற சிறிதளவு தமிழை வைத்துக்கொண்டு, தமிழ்ப் பிள்ளைகளுக்குக் காந்தியடிகளே தமிழ் கற்பித்தார். ஏவுவோர் ஒருவர், செய்வோர் வேறொருவர் என்ற பிரிவினை அங்கில்லாமையால் வேலை இழிவாகத் தோன்றவில்லை.

அந்த அனுபவம் 1937 அக்டோபரில் வார்தா மாநாட்டில் ஒரு கல்வித் திட்டமாக உருப்பெற்றது. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழுவில் தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பாவும், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் இடம்பெற்றிருந்தனர். ஏழாண்டுக் கல்வி, தாய்மொழிவழிப் பாடம், ஒரு கைத்தொழிலை நடுவாகக் கொண்ட பயிற்சி என்பன அதன் கூறுகள். நூல் நூற்கும் சிறுவன் இழையை எண்ணும்போது கணக்கையும், பருத்தி விளையும் மண்ணை ஆராயும்போது நிலநூலையும், துணி வாணிகத்தை அறியும்போது வரலாற்றையும் கற்பான் என்பதே கருத்து. பிள்ளைகளின் உற்பத்தியைக் கொண்டே பள்ளிச் செலவை ஈடுசெய்யலாம் என்ற பகுதிக்கு மட்டும் கடுமையான எதிர்ப்பு எழுந்தது. பள்ளி தொழிற்சாலையாகிவிடும் என அறிஞர் பலர் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானது. விற்பனைக்கு எத்தனை முழம் தேறியது என்று கேட்கத் தொடங்கினால், பிள்ளை என்ன கற்றது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டுவிடும்.

மூன்றாவது நிகழ்ச்சி நம் வீட்டு வாயிலிலேயே நடந்தது. 1953-ஆம் ஆண்டில், சென்னை மாநிலத்தில் இராஜாஜியின் அரசு கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு மாற்றத்தைச் செய்தது. பள்ளி நேரம் நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைந்தது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகவேண்டும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில், அதே ஆசிரியரைக் கொண்டு இருமுறை வகுப்பு நடத்தி, இன்னும் பல பிள்ளைகளுக்கு இடமளிக்கலாம் என்பது அரசின் வாதம். வீட்டில் கைத்தொழில் இல்லாதவர் ஊரிலுள்ள வேறொரு தொழிலாளரிடம் பழகலாம் எனவும் கூறப்பட்டது. ஆனால் நம் கிராமங்களில் தந்தையின் தொழில் என்பது பெரும்பாலும் சாதியின் மறுபெயர். சலவைத் தொழிலாளியின் மகன் வெள்ளாவிக்கும், சவரத் தொழிலாளியின் மகன் கத்திக்குமே திரும்பவேண்டியவனா என்று மக்கள் கேட்டனர். பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் இதனைக் ‘குலக்கல்வி’ என்று சாடிப் போராடினர். இராஜாஜி பதவி விலகியபின், 1954 ஏப்ரலில் காமராசர் முதலமைச்சரானார்; அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

இத் திட்டத்தையும் வார்தாத் திட்டத்தையும் சிலர் ஒன்றாகவே எண்ணிப் பேசுவர். அது பிழை. வார்தாவில் தொழில் பள்ளிக்குள் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே தொழிலை ஒன்றாக அமர்ந்து கற்றனர். 1953-இல் பிள்ளை பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பப்பட்டது. எந்தத் தொழிலுக்கு என்பதைப் பெரும்பாலும் பிறப்பே முடிவுசெய்தது.

ஆசிரியர் பயிற்சியில் இவ் வரலாற்றைப் படித்த நான், தலைமையாசிரியனானபோது ஒரு முறைப்பட்டியல் வகுத்தேன். குடிநீர்ப் பானை, தோட்டம், நூலகம், துப்புரவு ஆகிய எல்லாப் பணிகளும் வாரந்தோறும் கைமாறும்; பட்டியலில் ஆசிரியர் பெயர்களும் உண்டு, என் பெயரும் உண்டு. அவரைப் பாத்திக்கு நீர் விட்ட மாணவர் எத்தனை குடம் என்பதை ஏட்டில் குறிக்கவேண்டும். யாரேனும் மறந்தால் தண்டனை இல்லை. வாடிய கொடியே மறுநாள் அவரிடம் கணக்குக் கேட்டுவிடும். ஒரு பருவத்திற்குள், ‘என் பாத்தி’ என்று பேசிய பிள்ளைகள் ‘நம் பாத்தி’ என்று பேசலாயினர்.

பள்ளிக் கழிப்பறையை ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை மட்டும் கொண்டு தூய்மை செய்வித்த செய்திகளை நம் காலத்திலும் படிக்கிறோம். 2016-இல் திருத்தப்பெற்ற குழந்தைத் தொழிலாளர் சட்டமும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் பிள்ளைகள் உதவுவதற்கு இடமளிக்கிறது. ஆதலின் இக் கேள்வி இன்னும் முடிந்துவிடவில்லை.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை தரப்படும்போது மூன்றை எண்ணிப் பாருங்கள். வேலையைச் சொன்னவரும் அதைச் செய்கிறாரா? அதனால் நீங்கள் ஏதேனும் கற்கிறீர்களா? அது எல்லோருக்கும் முறைவைத்து வருகிறதா, அன்றிச் சிலர் தலையில் மட்டும் விழுகிறதா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்குமாயின், துடைப்பமேயாயினும் மகிழ்ந்து கையிலெடுங்கள். கிடைக்காவிடின், பணிவோடு காரணம் கேளுங்கள். அவ்வாறு கேட்பதும் பொறுப்புணர்ச்சியின் ஒரு பகுதியே.